காட்டுத் தீயைத் தடுக்க உழவரே ஆசானாகலாம்

தைப்பொங்கல் முடிந்து பனி குறையத் தொடங்கியதும் கோவை மாவட்டத்தின் மேற்கே நிற்கும் மலைகள் நிறம் மாறுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் இடுப்பளவு வளர்ந்த புல் மாசி மாதத்தில் வைக்கோலைப் போல் காய்ந்து விடுகிறது. தேக்கும் வெக்காலியும் இலையுதிர்த்து நிலத்தை மூடுகின்றன. போளுவாம்பட்டி, மதுக்கரை, தடாகம், காரமடை, சிறுமுகை, ஆனைமலை அடிவாரங்களிலும், ஈரோடு மாவட்டத்தில் சத்தியமங்கலம், அந்தியூர்ப் பகுதிகளிலும் பிப்ரவரி முதல் கோடை மழை இறங்கும் வரை உள்ள காலமே காட்டுத் தீயின் காலம். அதே காலத்தில்தான் நம் உழவர்கள் வரப்பைச் சுத்தம் செய்கின்றனர். சோகையையும் சருகையும் குவிக்கின்றனர். தீக்குச்சியும் காய்ந்த புல்லும் ஒரே மாதத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

இக்கட்டுரை, காட்டோரக் கிராமங்களில் தீத்தடுப்பு பற்றியும் அந்தந்த இடத்துக் காட்டின் இயல்பு பற்றியும் தன் ஊராருக்கு எடுத்துச் சொல்லும் தன்னார்வத் தொண்டராக ஓர் உழவர் எவ்வாறு பணியாற்றலாம் என்பதை விளக்குகிறது.

ஒரு பெரியவரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்பு தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் முதன்முறையாக இதைப் பற்றிப் பேசச் சென்றேன். வெப்பம், காற்று, எரிபொருள் என்ற மூன்றையும் முக்கோணமாக வரைந்த படம் கையில் இருந்தது. அரை மணி நேரம் பேசி முடித்தேன். முன் வரிசையில் அமர்ந்திருந்த வயதான உழவர் ஒருவர் எழுந்தார்.

"படமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. ஆனா ராத்திரி என்ற வாழைய மிதிச்சுப் போட்டுப் போற ஆனை அந்தக் காட்டுல இருந்துதானுங்களே வருது? அந்தக் காட்ட நான் எதுக்குங்க காப்பாத்தோணும்?"

கூட்டம் சிரித்தது. என்னிடம் அன்று சரியான விடை இல்லை. காடு நாட்டின் செல்வம் என்று பொதுவாக ஏதோ சொல்லி அமர்ந்தேன். அது அவருக்குப் போதவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. காட்டோரத்தில் தீத்தடுப்பு பற்றிப் பேசப் புறப்படும் எவரும் முதலில் இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொள்ளல் வேண்டும்.

தீ எங்கிருந்து வருகிறது?

மூங்கில்கள் உரசித் தீப்பிடிக்கிறது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. நம் நாட்டில் ஏற்படும் காட்டுத் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதரால், தெரிந்தோ தெரியாமலோ, உண்டாவதே. அணைக்காமல் வீசிய பீடி, மலைக்கோயில் பாதையில் ஏற்றிய சூடம், தேன் எடுக்கக் கொளுத்திய பந்தம், புதுப்புல் தழைக்கட்டும் என்று வைக்கும் தீ, யானையை விரட்ட எறிந்த கொள்ளி, வரப்போரம் எரித்த சருகு ஆகியவையே முக்கியக் காரணங்கள். வெள்ளியங்கிரி மலைக்குப் பக்தர்கள் ஏறுவதும் பிப்ரவரி முதல் மே வரையிலான இதே உலர்ந்த காலத்தில்தான் என்பதை நினைவில் கொள்க.

2023 ஏப்ரல் மாதம் ஆலாந்துறையை அடுத்த நாதேகவுண்டன்புதூர் மலைப்பகுதியில் பற்றிய தீ பல நாட்கள் எரிந்தது. வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் நடந்தே ஏற வேண்டிய செங்குத்தான இடம் அது. இறுதியில் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் வரவழைக்கப்பட்டு, மலம்புழை அணையிலிருந்து நீர் அள்ளி வந்து ஊற்றப்பட்டது. அடுத்த ஆண்டு, 2024 மார்ச்சு மாதம், குன்னூர் அருகே காடு எரிந்தபோதும் ஹெலிகாப்டரே துணைக்கு வந்தது. தோட்டம் ஒன்றில் காய்ந்த கழிவை எரிக்கப் போய் அத்தீ காட்டுக்குள் தாவியது என்று அப்பொழுது தெரிவிக்கப்பட்டது. ஒரு தீக்குச்சியில் தொடங்கியதை அணைக்க ஒரு விமானம் தேவைப்படுகிறது.

மேட்டில் தீ ஏன் விரைந்து ஏறுகிறது?

சமதரையில் எரியும் தீயின் வெப்பம் பெரும்பாலும் மேல்நோக்கிப் போய்விடுகிறது. சரிவில் அவ்வாறில்லை. மேலே உள்ள புல், கீழே எரியும் சுவாலைக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே தீ வந்து சேருமுன்பே அது சூடேறிக் காய்ந்து, உடனே பற்றிக் கொள்கிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது ஆஸ்திரேலியத் தீயியலார் கண்ட ஒரு கணக்கு. அதாவது 20 பாகைச் சரிவில் சமதரையைப் போல் நான்கு மடங்கு. மேலும், பகலில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி வீசும். இரவில் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு இறங்கும். ஆகவே பகலில் காற்றும் சரிவும் ஒரே திசையில் சேர்ந்து தீயைத் துரத்துகின்றன.

இதன் விலையை நாம் கண்டிருக்கிறோம். 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் உயர்ந்த காய்ந்த புல்வெளிச் சரிவில் மலையேற்றம் சென்றவர்கள் தீயில் சிக்கினர். அவர்களுள் சென்னையிலிருந்து வந்தவர்களோடு ஈரோடு, திருப்பூர்ப் பகுதியினரும் இருந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் சரிவில் தீ எத்திசையில் எவ்வளவு வேகத்தில் வரும், எப்பக்கம் விலக வேண்டும் என்பதை மலைக்குப் போகும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

உழவர் இழப்பது என்ன?

இப்பொழுது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

முதலாவது, நீர். நொய்யல் வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மலையில் சருகும் புல்வேரும் இருக்கும் வரை மழைநீர் நின்று மண்ணுக்குள் இறங்கும். ஆண்டுதோறும் எரிந்த சரிவில் மேல் மூடாக்கு இல்லை. முதல் மழை சாம்பலையும் மேல்மண்ணையும் அடித்துக்கொண்டு ஓடைகளில் இறங்கும். குளத்திலும் தடுப்பணையிலும் வண்டல் சேரும். நம் கிணற்றுக்கு ஊற வேண்டிய நீர் ஒரே நாளில் ஓடி மறையும். கோவையில் ஆண்டு மழை ஏறக்குறைய 650 முதல் 700 மி.மீ. மட்டுமே. இதில் ஒரு பங்கை வெள்ளமாக விட்டுவிட நமக்கு வசதியில்லை.

இரண்டாவது, தீவனம். எரிந்த இடத்தில் சாம்பல் விழுந்து முதல் மழைக்குப் பச்சைப் புல் முளைப்பது உண்மை. ஆயினும் ஆண்டுதோறும் எரித்தால் மாடு விரும்பும் மென்புற்கள் குறைந்து, தீயைத் தாங்கும் முரட்டுப் புற்களே மிஞ்சும். மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை.

மூன்றாவது, தேனீயும் பறவையும். மலைத்தேனீயும் அடுக்குத் தேனீயும் நம் தோட்டப் பயிர்களின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுபவை. கௌதாரி, பக்கி போன்ற பறவைகள் தரையில் முட்டையிடுகின்றன. கோடைத் தீ அவற்றின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே எரிக்கிறது.

நான்காவது, யானை. காடு எரியாவிட்டால் யானை வயலுக்கு வராது என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய்யாகும். வழித்தடம் அடைபட்டதும், வாழையும் கரும்பும் அதன் வாய்க்கு ருசிப்பதும், வேறு பல காரணங்களும் உண்டு. ஆயினும் கோடையில் மலையில் மிஞ்சியிருக்கும் புல்லும் மூங்கிலும் தழையும் எரிந்துபோனால், பசியுடன் நிற்கும் விலங்கிற்கு அடுத்த பச்சை நம் தோட்டமே. உள்ள தொல்லையோடு இதையும் நாமே கூட்டிக் கொள்ள வேண்டியதில்லை.

ஐந்தாவது, வழக்கு. 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி காப்புக் காட்டில் தீ வைப்பது குற்றம். சரணாலயத்தில் தீ வைப்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடை செய்கிறது. பட்டா நிலத்தில் வைத்த தீ வேலியைத் தாண்டிவிட்டால், "நான் என் காட்டில்தான் வைத்தேன்" என்ற பதில் கைகொடுக்காது.

எல்லாத் தீயும் ஒன்றல்ல

தொண்டராகப் பேசுவோர் இங்கே ஒரு செய்தியைக் கவனத்தில் கொள்ளல் வேண்டும். சத்தியமங்கலத்திற்கு வடக்கே கருநாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர், கோடைக்கு முன்பே, சருகு சற்று ஈரமாக இருக்கும் காலத்தில், சிறு சிறு சருகுத் தீ வைக்கும் பழக்கம் கொண்டிருந்தனர். அது மெல்லப் படர்ந்து சருகை மட்டும் எரித்து அணைந்துவிடும். அதை நிறுத்திய பின்பே உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது என்று அம்மக்களின் முதியோர் கூறுகின்றனர். ஆய்வாளர்களும் இதனைப் பதிவு செய்துள்ளனர்.

வெளிநாட்டிலிருந்து அழகுச் செடியாக வந்த உண்ணி, இன்று அடிக்காட்டை அடைத்து நிற்கிறது. புல்லை வளரவிடாது, கோடையில் காய்ந்த குச்சியாக நின்று, தரையில் எரியும் தீ மரக்கிளை வரை ஏற ஏணியாகிறது. எனவே இன்று உண்ணி மண்டிய காட்டில் மார்ச்சு மாதம் வைக்கும் தீயும், முன்னோர் அறிந்து வைத்த சருகுத் தீயும் ஒன்றல்ல. காட்டுக்குள் தீயைக் கையாளும் பொறுப்பு வனத்துறையினுடையது. நாம் எவரும் அதைச் செய்து பார்த்தல் கூடாது. ஆயினும் மலைவாழ் மக்களிடம் பேசும்போது, தீயைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணத்துடன் பேசுதல் தவறு. அவர்களிடம் நாம் கேட்டு அறிய வேண்டியது நிறைய உண்டு.

தொண்டர் செய்ய வேண்டியவை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஊரகத் தீயணைப்புப் பணியில் பெரும்பாலோர் உழவர்களும் ஊராருமாகிய தன்னார்வத் தொண்டர்களே. அங்கு 2009 பிப்ரவரி 7 அன்று ஒரே நாளில் மூண்ட தீயில் 173 பேர் மாண்டனர். அத்தனை வாகனமும் கருவியும் உள்ள நாட்டிலும், தீ மூண்ட பின் செய்வதைவிட மூளுமுன் அண்டை வீட்டாருடன் பேசி வைப்பதே பெரிதும் உயிர் காக்கும் என்பதை வலியுறுத்தி வருகின்றனர். நம் ஊரில் அப்பேச்சைத் தொடங்கக் கீழ்க்காணும் முறைகள் பயன்படும்.

1. முதலில் கற்றுக் கொள்ளுங்கள். மார்கழியிலேயே உங்கள் வனச்சரக அலுவலகத்திற்கும் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திற்கும் சென்று, தொண்டராகப் பணிபுரியும் விருப்பத்தைத் தெரிவியுங்கள். தீத்தடுப்புக் கோடுகள் எங்கே வெட்டப்படுகின்றன, சென்ற ஆண்டுகளில் எங்கே தீப்பிடித்தது என்று கேட்டறியுங்கள். கோவை வனக்கல்லூரி வளாகத்தில் உள்ள காஸ் வன அருங்காட்சியகத்தை ஒரு முறை பார்த்து வருவதும் நன்று.

2. குற்றம் சாட்டாதீர்கள். "யார் தீ வைத்தது?" என்று தொடங்கினால் கூட்டம் கலைந்துவிடும். "சருகை என்ன செய்கிறீர்கள்?" என்று தொடங்குங்கள். மாற்று வழி சொல்லாமல் எரிக்காதே என்று மட்டும் சொல்வதில் பயனில்லை.

3. செய்து காட்டுங்கள். ஒரு பலகையில் சிறு துளைகள் இட்டு, வரிசைக்குப் பத்தாகத் தீக்குச்சிகளை நட்டுக் கொள்ளுங்கள். மணல் பரப்பிய வெற்றிடத்தில், ஒரு வாளி நீர் அருகில் வைத்து, காற்றில்லாத நேரத்தில் செய்தல் வேண்டும். பலகையைச் சமமாக வைத்து ஓரக் குச்சியைக் கொளுத்தினால் தீ மெல்ல நகரும். பல நேரம் இடையிலேயே நின்றுவிடும். பலகையைச் சாய்த்து வைத்து அடிவரிசையைக் கொளுத்தினால் தீ நொடியில் உச்சிக்கு ஏறும். அடுத்து, நடுவில் சில வரிசைக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டுக் கொளுத்துங்கள். இடைவெளி போதுமான அகலம் இருந்தால் தீ அங்கே நின்றுவிடும். தீத்தடுப்புக் கோட்டின் பயனை இதைவிடத் தெளிவாக எந்தச் சொற்பொழிவும் விளக்காது. சிறுவர்கள் இதைத் தாமே செய்து பார்க்க விடாதீர்கள்.

4. காட்டோரமாக நடந்து காட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் பெரியோரையும் ஊர் எல்லை வழியே அழைத்துச் சென்று புல், மரம், பறவைக் கூடு, ஓடை ஆகியவற்றின் பெயரையும் பயனையும் சொல்லுங்கள். பெயர் தெரிந்த மரத்தை எவரும் எளிதில் எரிய விடுவதில்லை.

5. இடமறிந்து பேசுங்கள். பால் சங்கம், சந்தை, கோயில் நோன்பு, நூறு நாள் வேலைத் தளம் ஆகிய இடங்களில் பத்து நிமிடப் பேச்சு போதும். ஆடு மாடு மேய்ப்போர், சீமார்ப்புல் சேகரிப்போர், மலையேறும் பக்தர்கள் ஆகியோரையே முதலில் சந்தித்தல் வேண்டும்.

பண்ணையில் கடைப்பிடிக்க வேண்டியவை

காட்டை ஒட்டிய வேலியோரம் 10 முதல் 15 அடி அகலத்திற்குச் சருகும் காய்ந்த புல்லும் இல்லாமல் ஜனவரி இறுதிக்குள் வாரிவிடுக. வரப்புப் புல்லைப் பூக்குமுன்பே அறுத்துத் தீவனமாக்குக. வைக்கோல் போரையும் சோளத்தட்டுப் போரையும் வீட்டிலிருந்தும் காட்டு எல்லையிலிருந்தும் தள்ளி அமைக்க.

கரும்புச் சோகையை எரிப்போர் ஒரு கணக்கைப் பார்த்தல் வேண்டும். ஓர் எக்டர் கரும்பில் 8 முதல் 10 டன் சோகை கிடைக்கும். அதில் தழைச்சத்து ஏறத்தாழ 0.4 விழுக்காடு என்று கொண்டால் 32 முதல் 40 கிலோ ஆகிறது. இது 70 முதல் 87 கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்துக்கு ஈடு. அதாவது 45 கிலோ மூட்டையில் ஒன்றரை முதல் இரண்டு மூட்டை. எரித்தால் இதில் பெரும்பகுதி புகையாகப் போய்விடுகிறது. மக்க வைத்தால் முழுவதும் முதல் ஆண்டே பயிருக்குக் கிடைக்காவிடினும், மண்ணில் தங்கி மெல்லக் கிடைக்கும், ஈரமும் காக்கும். கட்டைக் கரும்பில் சோகையைப் பாரில் மூடாக்காகப் பரப்பலாம். தென்னை மட்டையைத் துண்டாக்கி வட்டப்பாத்தியில் இடலாம். மட்டையைத் தூளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்குமா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துக் கொள்க.

தீயைக் கண்டால்

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டு கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. பொதுமக்களும் இதற்குப் பதிவு செய்து கொள்ளலாம். ஆயினும் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைகளே நம் தலைக்கு மேல் கடக்கிறது. சாளையில் நிற்கும் உழவரின் கண் அதைவிட முந்திப் புகையைக் காண்கிறது. எனவே வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை மோட்டார் அறைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்க. தீயணைப்புத் துறைக்கு 101, அவசர உதவிக்கு 112.

புகையின் இடம், காற்றின் திசை, அருகில் செல்லும் பாதை ஆகிய மூன்றையும் தெரிவிக்க. அதன் பின் அணைக்கும் பணி பயிற்சி பெற்றோருடையது. அவர்கள் கேட்டால் வழி காட்டலாம், குடிநீர் கொண்டு தரலாம். தனியே மலையேறுதல் கூடாது. சிக்கிக்கொள்ள நேர்ந்தால், தீக்கு மேலே மேட்டை நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்குக. எரிந்து முடிந்து ஆறிய கருகல் நிலம், பாறை, நீர் உள்ள ஓடை ஆகியவை புகலிடம். நீரற்ற குறுகிய பள்ளங்களில் நுழைதல் ஆகாது. அவை புகைபோக்கியைப் போல் தீயை இழுக்கும். நைலான் உடை உருகி உடலில் ஒட்டும். பருத்தி ஆடையே நல்லது.

முடிவாக

அந்தப் பெரியவரை அடுத்த ஆண்டு மீண்டும் சந்தித்தேன். மேற்கண்ட காரணங்களைச் சொன்னேன். யானையைப் பற்றி என்னால் உறுதி கூற முடியாது என்பதையும் சொன்னேன். சற்று யோசித்து, "அது போதுமுங்க தம்பி. ஆனை வராதுன்னு நீங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். அவ்வாண்டு மாசியில் தம் வேலியோரத்தை அவரே வாரினார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சருகைக் குவித்துத் தீப்பெட்டி எடுத்தபோது தடுத்து நிறுத்தி, குவியலைத் தென்னம்பாத்திக்குத் தள்ளியவரும் அவரே. நான் பத்துக் கூட்டங்களில் சொல்ல முடியாததை அவர் வரப்பில் நின்று இரண்டு வார்த்தையில் சொன்னார், ஊர் கேட்டது.

உழவர் பெருமக்களே, உங்கள் ஊருக்கு வெளியிலிருந்து வருகிற எவரையும்விட உங்கள் மலையின் காற்றையும் ஓடையையும் நன்கு அறிந்தவர் நீங்களே. வரும் மார்கழியில் வனச்சரக அலுவலகத்திற்கு ஒரு முறை சென்று வாருங்கள். மாசி பிறக்குமுன் பத்து வீட்டாருடன் பேசுங்கள். அப்பத்து வீட்டாரும் தத்தம் வேலியோரத்தை வாரிவிட்டால், காட்டுக்கும் உங்கள் ஊருக்கும் இடையே ஒரு தீத்தடுப்புக் கோடு அமைந்துவிடும்.